ஜாயிண்ட்டில் இருந்த நம்பர்

எங்கள் பட்டறையில் ஓடுகிற மெஷினைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, இதை எங்கே வாங்கினீர்கள் என்றுதான். வாங்கவில்லை, செய்தது என்பேன். யார் செய்தது என்பது அடுத்த கேள்வி. ‘தெரிஞ்சவர் ஒருத்தர்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். தங்கை புருஷனைத் ‘தெரிஞ்சவர்’ என்று சொல்கிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு என்னைப் பற்றி யாரும் உயர்வாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

பட்டறை கடலூர் முதுநகரில், துறைமுகம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. கதவு, ஜன்னல், நிலை, வீட்டில் மாதா சுரூபம் வைக்கச் சின்னக் கூடு, இதெல்லாம் செய்கிறோம். கதவில் பூவும் கொடியும் கேட்பவர்களுக்காகப் பலகையை வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் மெஷினில் செதுக்கித் தருவார்கள். போனால் நம் பலகைக்கு முன்னால் பத்துப் பலகை நிற்கும். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. டீக்கடையில் என் டீ பக்கத்து ஆளுக்குப் போய்விட்டால் குடிக்காமலே எழுந்து வந்துவிடுவேன். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் என்ன என்று இரண்டு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கை அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது அவரோடு பழகினாள். அவர் லால்பேட்டைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கோயில், குலதெய்வம் என்று இருக்கிறவர்கள். அவர் மட்டும் சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி, லேத் பட்டறைகளில் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான் அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒன்பது வருஷம். ‘பங்குல எல்லாரும் என்னா பேசுவாங்க’ என்று அம்மாவிடம் கத்தினேன். பங்கு என்றால் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். அங்கே யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான்தான் மறக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மா போன வருஷம் இறந்தாள். தங்கை வந்தாள். அவர்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு எல்லோரும் போனபோது அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டின் எதிர்ப்பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்துக் கடைசி மண் போடும்வரை நின்றார். நல்ல வெயில். நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு கை அசைத்திருந்தால் போதும், வந்திருப்பார். நான் அசைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து தங்கை பட்டறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அண்ணா, நீ மெஷினு மெஷினுன்னு சொல்லிகினு இருந்தியாமே. அம்மா சொல்லிச்சு. அவரு செஞ்சு தர்றேன்றாரு.”

“கூலி எவ்ளோவாம்?” என்றேன். என் வாய் அப்படி.

“கூலிலாம் ஒண்ணும் வாணாம். சாமான் மட்டும் வாங்கிக் குடுப்பியாம்.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். “வணக்கம் சார்” என்றார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியின் அண்ணன் மச்சான். ஊர் பேர் தெரியாதவனைக்கூட மச்சான் என்று தோளில் கை போடுகிற ஊர் இது. அவர் என்னை சார் என்றார். தப்புச் சொல்ல முடியாது. நானும் அவரை மாப்ள என்று கூப்பிட்டதில்லை. ‘இங்க பாருங்க’ என்பேன், இல்லாவிட்டால் இருமுவேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது மெஷின் மட்டும் இல்லை. தங்கை பழையபடி வீட்டுக்கு வந்துபோக வேண்டும். அவர் என்றைக்கு என்னை மச்சான் என்கிறாரோ அன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்காக நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்து மேசை தயாரானது. பிறகு ரயில் வாங்கும் பேச்சு வந்தது. ரயில் என்றால், செதுக்குகிற மோட்டார் முன்னும் பின்னும் போய்வரும் பாதை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன் மேல் பிளாக் என்கிற இரும்புக் கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். புதுச்சேரியில் நான் பார்த்த ஒரு மெஷினில் உருட்டுக் கம்பிதான் போட்டிருந்தார்கள். விலையும் குறைவு. அதையே போடலாம் என்றேன்.

“கம்பி நடுவுல தொய்யும் சார். இவ்ளோ நீளத்துக்குத் தாங்காது. சின்ன நேம்போர்டு போடறதுன்னா பரவால்ல. நீங்க தேக்குல கதவு போடணும்றீங்க.”

“அவன் ஓட்டுறானே.”

“ஓட்டுறான் சார். கோடு சுத்தமா வுழுதான்னு கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு முழம் சதுர ரயிலையும் அதில் மாட்டிய ஒரு பிளாக்கையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கோ கழற்றிய பழைய துண்டு. மேசையில் வைத்து, ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள் என்றார். தள்ளினேன். சத்தமே இல்லாமல் போனது. பக்கவாட்டில் ஆட்டினேன், அசையவில்லை. இரும்பு இப்படி ஓடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ரயிலை விட்டு வெளியே மட்டும் எடுத்துவிடாதீர்கள், உள்ளே குண்டுமணிகள் இருக்கின்றன, கொட்டிவிடும் என்றார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் வெளியே எடுத்தேன். சொன்னதாலேயே எடுத்தேன். மரத்தூளில் எள் மாதிரி எஃகுக் குண்டுகள் சிதறின. அவர் திரும்பி வந்து பார்த்தார். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, மதியம்வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இரண்டு கிடைக்கவில்லை.

“ரெண்டு கொறஞ்சாலும் ஓடும் சார்” என்றார்.

சதுர ரயில் என்று முடிவானது.

எட்டடிக் கதவு போட வேண்டுமென்றால் ரயில் ஒன்பதடி வேண்டும். ஒரே நீளமாக வாங்கினால் நல்லது. ஆனால் எங்களுக்குக் கொண்டுவந்து தரும் பார்சல் ஆபீசில் ஆறடிக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே பக்கத்துக்கு இரண்டாக, ஐந்தடி ஒன்று நாலடி ஒன்று, மொத்தம் நாலு துண்டு. அவர் ரயில் விற்கிற கம்பெனிக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினார். பிறகு எனக்கு விளக்கினார்.

“சும்மா ரெண்டு துண்ட வாங்கி முட்டு வெச்சா ஆவாது சார். பாக்க ஒண்ணு மாரிதான் இருக்கும். ஒசரத்துல முடியளவு வித்தியாசம் இருக்கும். பிளாக்கு அங்க வந்து இடிக்கும். ஜோடி ஜோடியா வெச்சு, சேர்ற மொனைய ஒண்ணா தேச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன். எதுக்கு எது ஜோடின்னு அவுங்களே குறிச்சுடுவாங்க.”

நான் தலையாட்டினேன். கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் இத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். இருவருமாகப் பெட்டியைப் பிரித்தோம். எண்ணெய்த் தாளுக்குள் நாலு ரயில் துண்டுகள். சேர்கிற முனைகளில் கறுப்பு மார்க்கரில் ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தது மூளைவரை போகவில்லை. அவர் துண்டுகளை ஜோடியாக மேசையில் அடுக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கோயிலில் வாங்கிய சந்தனம், குங்குமம். சந்தனத்தை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நாலு முனைகளிலும் நம்பருக்குப் பக்கத்தில் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். “ஞாயித்துக்கெழம வந்து மாட்டிடலாம் சார்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் இழைப்பு மெஷினுக்குப் பொட்டு வைப்பார். அது தானாக உதிர்கிறவரை இருக்கும். நான் தொட்டதில்லை, அவர் கொடுக்கிற பொரியும் கடலையும் தின்பேன். அதனால் இது மதம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இவர் வைத்தார் என்பதுதான். என் பட்டறையில், என்னைக் கேட்காமல், வீட்டு மனுஷன் மாதிரி. ஈரச் சந்தனம், பச்சை இரும்பு, முதுநகர் உப்புக் காற்று, நாளைக்கே துருப்பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் சரிதான், இன்றைக்கும் சரி என்பேன். ஆனால் காரணம் வருவதற்கு முன்பே என் கை பாலீஷில் கலக்கும் தின்னர் டப்பாவுக்குப் போயிருந்தது.

துணியில் தின்னரை நனைத்து நாலு முனையையும் அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆனது. துணியில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. கறுப்பும் இருந்தது. கறுப்பை நான் அழுக்கு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஒரு கதவுக்கு ஒட்டுப் போட மேசை தேவைப்பட்டது. நாலு துண்டுகளையும் எடுத்துச் சுவரோரம் வைத்தேன். எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று கவனிக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் திரும்ப மேசையில் அடுக்கினேன்.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். அவர் பட்டறை வாசலில் காத்திருந்தார். தங்கையும் வந்திருந்தாள். கையில் டிபன் கேரியர். “வஞ்சிரம் கொழம்பு, அம்மா வெக்கிற மாரி வெச்சிருக்கேன்” என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் எனக்குச் சமைத்தது அதுதான் முதல் தடவை. வேலை ஆகட்டும், பிறகு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். மூன்று பேரும் என்று நான் சொன்னதை அவள் கவனித்தாள்.

ரயிலைப் பொருத்துவது கதவு மாட்டுவது மாதிரி இல்லை. ஒரு ரயிலின் இரண்டு துண்டுகளையும் முட்டு வைத்து, பக்கத்தில் உள்ள பள்ளத்தில் ஒரு நேரான கம்பியை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். இரண்டும் ஒரே நேரில் நின்றன. அதன் பிறகுதான் போல்ட்டுகள், நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முடியளவு மேடு பள்ளத்தையும் காட்டுகிற டயல் கேஜை வைத்து முள்ளைப் பார்த்தார். குனிந்த தலை நிமிராமல், கையை மட்டும் பின்னால் நீட்டிச் சொன்னார்.

“மச்சான், அந்தச் சின்ன அலன்கீய எடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். அவருக்கே தான் சொன்னது தெரியவில்லை என்று நினைக்கிறேன். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்துப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் நாலைந்து தடவை மச்சான் என்றார். ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘மச்சான், லைட்ட இப்டி காட்டுங்க.’ ‘இத புடிங்க மச்சான்.’ ‘வேர்க்குது மச்சான், ஃபேன போடுங்க.’

மதியம் இரண்டு ரயிலும் ஏறிவிட்டன. அவர் பிளாக்கை ரயிலில் ஏற்றி மெதுவாகத் தள்ளினார். போனது, போனது, நடுவில் டிக் என்றது. திரும்ப இழுத்தார். டிக். அடுத்த ரயிலில் தள்ளினார். அங்கேயும் டிக். ஜாயிண்ட்டில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் தட்டியது. போல்ட்டைத் தளர்த்தி, கம்பி வைத்து, மறுபடி இறுக்கினார். டிக். குனிந்து முனைகளை வெகுநேரம் பார்த்தார்.

“மச்சான், இங்க நம்பர் எழுதியிருந்துச்சே. பாத்தீங்களா?”

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. துணியில் இருந்த கறுப்பு. சுவரோரம் வைத்த நாலு துண்டுகள். ஆமாம், நான்தான் துடைத்தேன் என்று சொல்ல ஒரு மூச்சுத்தான் வேண்டும். சொன்னால் ஏன் துடைத்தாய் என்ற கேள்வி வரும். தங்கை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவர் வைத்த பொட்டை நான் தின்னர் போட்டு அழித்தேன் என்று அவள் முன்னால் சொல்ல வேண்டும்.

“நம்பரா? நா ஒண்ணும் பாக்கலயே” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“சரி, பரவால்ல. ஜோடி மாறியிருக்கும்னு தோணுது. மெனக்கெட வேணாம், அஞ்சடித் துண்டு ரெண்டும் அப்டியே இருக்கட்டும். நாலடி ரெண்ட மட்டும் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்டுப் பாப்போம் மச்சான். இதுவா அதுவான்னு தெரிஞ்சுடும். வேற வழியே கெடையாது, ரெண்டே வழிதான்.”

இரண்டே வழி. மாற்றிப் போட்டு டிக் நின்றுவிட்டால் நம்பர் இருந்தது உண்மையாகிவிடும். நம்பர் இருந்தது உண்மை என்றால் நான் சொன்னது பொய். எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் அப்படித்தான், நான் மாட்டிக்கொள்கிற நேரம் பார்த்து வந்துவிடும்.

“காலைலேந்து கழட்டி மாட்டிகினே இருக்க. ஒனக்கு வேல தெரியலன்னு சொல்லு. கம்பெனிக்காரன் மேல ஏன் பழி போடற? பொட்டு வெக்கத் தெரிஞ்ச கைக்கு ரயில் வெக்கத் தெரியல.”

அவர் குனிந்து ஜாயிண்ட்டை மறுபடி நகத்தால் தடவினார். அது என் கோபத்தை இன்னும் ஏற்றியது. அதோடு நிறுத்தியிருந்தால்கூட சரிசெய்திருக்கலாம்.

“எங்க வூட்லேந்து ஒண்ண எடுத்துனு போன. அது போதாதா? இதையும் கெடுக்கத்தான் வந்தியா?”

அவர் கையில் இருந்த கிரீஸை ஒரு துணியில் துடைத்தார். டயல் கேஜைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்து மூடினார். அலன்கீக்களை அளவு பார்த்து வரிசையாக என் மேசையில் வைத்தார். அவை என்னுடையவை.

“நா வர்றேன் சார்” என்றார்.

தங்கை எழுந்தாள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டாள். மேசையில் வைத்து மூடி திறக்காத கேரியர் அது. அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. இருவரும் சந்தில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழம்பு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மெஷினை ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மோட்டார், வயரிங் எல்லாம் முடித்தேன். ரயிலைத் தொட விடவில்லை. மெஷின் ஓடியது. ஆனால் ஒவ்வொரு கதவிலும் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்தது. பூவின் இதழில் விழும், கொடியில் விழும். கதவு வாங்குகிற பார்ட்டியின் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மறைத்தேன். ஒருவர் கேட்டார், மரத்தின் வரி என்று சொன்னேன். பொய் சொல்வது ஒரு தடவை பழகினால் பிறகு தானாக வருகிறது.

மழைக்காலம் வந்தது. சந்தில் முழங்கால் தண்ணீர். மரம் உப்பிக்கொண்டது, வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து ரயிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். பிளாக்கைத் தள்ளுவேன். டிக். தங்கைக்குப் போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். அம்மாவுக்கு வருஷப் பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்ற மகள் இல்லாமல் எப்படி நடத்துவது என்று சாமியார் கேட்டார்.

ஒரு நாள் கரண்ட் இல்லாத மதியத்தில் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். நாலடித் துண்டுகள் இரண்டையும் எடுத்து, அதை இதன் இடத்தில், இதை அதன் இடத்தில் வைத்தேன். அவர் செய்ததைப் போலவே பள்ளத்தில் கம்பி வைத்துக் கிளாம்ப் போட்டேன். நடுவிலிருந்து இறுக்கினேன். என்னிடம் டயல் கேஜ் கிடையாது, நகம்தான். பிளாக்கை ஏற்றித் தள்ளினேன். போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை போய்த் தடுப்பில் முட்டி நின்றது. நடுவில் ஒரு சத்தமும் இல்லை. திரும்ப இழுத்தேன். கண்ணை மூடி நகத்தால் தேடினேன், ஜாயிண்ட் எங்கே என்று தெரியவில்லை. மொத்தம் இரண்டு மணி நேர வேலை. அன்றைக்கே செய்திருந்தால் குழம்பு ஆறுவதற்குள் முடிந்திருக்கும். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கரண்ட் வந்ததும் ஒரு தேக்குப் பலகையில் ஒரு கொடியைச் செதுக்கினேன். கோடு இல்லை. அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். அவர்கள் அண்ணாமலை நகருக்கு முன்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. அம்மாவுக்குத் தெரிந்த வீடு. சுவரில் அவர்கள் வீட்டு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது, மாலையோடு. என் வீட்டில் இருக்கிற போட்டோவுக்கு மாலை காய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“வாங்க சார், உக்காருங்க” என்றார் அவர். தங்கை உள்ளே போய் டீ போட்டாள்.

பலகையைக் கொடுத்தேன். செய்தித்தாளைப் பிரித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். ஜாயிண்ட் வரவேண்டிய இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு போனது.

“நல்லா வந்துருக்கு சார். மாத்திட்டீங்க.”

“நம்பர நாந்தான் தொடச்சேன்” என்றேன். பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி, நீளமாகச் சொல்வதற்கு யோசித்து வைத்திருந்தேன். “பொட்ட தொடச்சேன். அதோட போயிடுச்சு. தெரிஞ்சே பொய் சொன்னேன்.”

உள்ளே டம்ளர் சத்தம் நின்றது.

“தெரியும் சார்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. ரயிலு பூரா கம்பெனி எண்ணெ இருந்துச்சு, மொன நாலும் மட்டும் காஞ்சி கெடந்துச்சு. தின்னர் போட்டாதான் அப்டி காயும்.” பலகையைச் செய்தித்தாளின் மேல் வைத்தார். “நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. அதான் மாத்திப் போட்டுப் பாப்போம்னேன். சத்தம் இல்லாம முடிஞ்சிடும்னு நெனச்சேன்.”

நான் தப்பிக்க அவர் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்ளும் வழி. தங்கை முன்னால் என் மானத்தைக் காப்பாற்றத்தான் மாற்றிப் போடலாம் என்றார். அந்த வழியில் நின்றுகொண்டுதான் நான் அவர் மேல் அந்த வார்த்தைகளை எறிந்தேன். ஒன்பது வருஷம் அந்த ஆளைக் கெட்டவன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மன்னிச்சுடுங்க என்றேன். “அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், டீ குடிங்க” என்றார். மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோபமாக இருந்தால் நான் காத்திருந்து பார்ப்பேன், கோபம் தீரும். அவருக்குக் கோபமே இல்லை.

வருஷப் பூசைக்கு இருவரும் வந்தார்கள். கோயிலில் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா கல்லறையில் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்ற எல்லோரும் நின்றார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு ஆள் குறைந்தது. திரும்பினேன். கேட்டுக்கு வெளியே, அதே எதிர்ப்பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

நான் தோட்டத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து போனேன். ஒன்பது வருஷமும் அதற்கு மேலும் என் வாயில் வராத சொல்லைச் சொன்னேன்.

“மாப்ள, உள்ள வாங்க.”

என் கையில் இருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். என்னோடு கூடவே நடந்து வந்தார். கேட்டருகே ஒதுங்கி நின்று, எனக்கு வழி விட்டார்.

“நீங்க முன்னால போங்க சார்” என்றார்.